பாஸ்வேர்டு மறந்துபோச்சு சார்!

கேள்வி: நகராட்சி ஒன்றின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். மொத்தமே மூன்று பேர். காலையில் உட்கார்ந்தால் பாஸ்வேர்டு மறந்துபோச்சு, பிரிண்டர் வரவில்லை, சர்வர் டவுனா என்று போன் ஓய்வதே இல்லை. ஆணையர் சாட்பாட் (கேள்விக்குத் தானே பதில் சொல்லும் மென்பொருள்) ஒன்று போட்டு எல்லாவற்றையும் தானியங்கியாக்கச் சொல்கிறார். போடலாமா?
(பெயர் வேண்டாம், கொங்குப் பக்கம்)

பதில்: போடலாம், ஆனால் இப்போது வேண்டாம். முதலில் ஒரு நோட்டு வாங்கி, இரண்டு வாரத்துக்கு வருகிற ஒவ்வொரு போனையும் எழுதுங்கள். எந்தப் பிரிவு, என்ன கோளாறு, எத்தனை நிமிஷம் பிடித்தது, அவ்வளவு போதும். நாலைந்து கோளாறுகளே வேறு வேறு குரலில் திரும்பத் திரும்ப வருவது தெரிந்துவிடும்.

பாஸ்வேர்டுதான் முதலிடம் என்று பந்தயமே கட்டுவேன். ஏன் மறக்கிறார்கள்? மாதத்துக்கு ஒருமுறை மாற்று என்று கணினி விரட்டினால் யாரும் மறக்கத்தான் செய்வார்கள், இல்லாவிட்டால் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டுவார்கள். அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட், கசிந்ததாகத் தெரிந்தாலொழிய கெடு வைத்து மாற்றச் சொல்லாதீர்கள் என்று 2017லேயே சொல்லிவிட்டது. மைக்ரோசாஃப்டும் 2019ல் விண்டோஸுக்கான தன் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து அந்தக் கெடுவை எடுத்துவிட்டது. உங்கள் அலுவலக லாகினிலாவது கெடுவை எடுக்க ஆணையரிடம் கேளுங்கள், எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், நாளைக்கு ஆடிட்டில் உங்களைத்தான் கேட்பார்கள். பாதி போன் அங்கேயே நின்றுவிடலாம், செலவும் இல்லை.

மீதிக்கு, ஊழியரே ஓடிபி வாங்கி பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளும் வசதி. தானியங்கி வேலையை இதில்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் ஊழியர் பட்டியலில் உள்ள செல் நம்பர்களைச் சரிபார்க்காமல் தொடங்கினீர்கள் என்றால், போன வருஷம் மாறுதலில் போனவருக்கு ஓடிபி போகும், இங்கே இருப்பவர் மறுபடி உங்களுக்கே போன் போடுவார். நம்பர் மாற்றித் தரும் வேலையை மட்டும் தானியங்கியிடம் விடவே கூடாது, ஆளை நேரில் பார்த்துத்தான் செய்ய வேண்டும். 2023ல் லாஸ் வேகாஸின் எம்ஜிஎம் சூதாட்ட விடுதிகள் நாள்கணக்கில் முடங்கினவே, திருடர்கள் ஊழியர் போல நடித்து ஹெல்ப் டெஸ்குக்கு, அதாவது உங்களைப் போன்ற கணினி உதவிப் பிரிவுக்கு, போன் செய்துதான் உள்ளே நுழைந்தார்கள் என்று செய்தி வந்தது. சுமார் 10 கோடி டாலர் நஷ்டம் என்று அந்த நிறுவனமே கணக்குக் காட்டியது.

அப்புறம் அந்த சர்வர் டவுன். ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும் சொத்து வரி கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை என்பதால் கடைசி வாரம் கவுண்டரில் கூட்டம் நெரியும், அந்த நேரம் பார்த்து வரி மென்பொருள் நின்றால் எல்லாப் பிரிவும் ஒரே கேள்வியை உங்களிடம் கேட்கும், அதைச் சரிசெய்வதோ உங்கள் கையில் இல்லை. சர்வர் பதில் சொல்லாவிட்டால் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் தானாக ஒரு தகவல் போகும்படி செய்துவிட்டால் போதும். கவுண்டரில் இருப்பவருக்கு வரிசையில் நிற்பவர்களிடம் சொல்ல ஒரு பதிலாவது கிடைக்கும்.

பிரிண்டருக்கு ஆள்தான் போக வேண்டும். சிக்கிய பேப்பரை எந்த சாட்பாட்டும் வந்து உருவி எடுக்காது.

புகார் பதிவுக்கு ஜிஎல்பிஐ, ஓஎஸ்டிக்கெட் என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ஜிஎல்பிஐயில் எந்தக் கணினி எந்த அறையில் என்ற கணக்கையும் வைக்கலாம், உங்களுக்கு அதுவே பொருந்தும் என்பேன். ஆனால் ஒன்று, யாராவது போனில் சொன்னாலும் நீங்களே டிக்கெட் (புகாருக்கு ஒரு பதிவு எண்) போடுங்கள். டிக்கெட் நம்பர் இல்லாமல் பேசமாட்டேன் என்று ஓர் அலுவலகத்தில் என்னிடமே சொன்னார்கள், டிக்கெட் போட வேண்டிய கணினிதான் கெட்டுக் கிடந்தது!

கேள்வி: கணினிப் பிரிவில் சாட்பாட், தானியங்கி என்று இதெல்லாம் வந்தால் எங்களைப் போன்ற ஒப்பந்த ஊழியர்களுக்கு வேலை போய்விடுமா?
(ஒரு வாசகி, சென்னை)

பதில்: பாஸ்வேர்டு மாற்றித் தருவது மட்டுமே உங்கள் வேலை என்றால், ஆமாம், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அந்தப் பேச்சு வரும். அதற்கு முன்னால் இந்த மென்பொருளை நிறுவி நடத்தும் ஆளாக நீங்கள் மாறிவிடுங்கள். ஜிஎல்பிஐயை வீட்டில் பழைய லேப்டாப்பிலேயே போட்டுப் பழகலாம்.