பொடுகுத் தலைக்கு ராத்திரி எண்ணெய் வேண்டாம்

வணக்கம் சகோதரி. மதுரையிலிருந்து கோத்தகிரிக்கு வந்தபின் பொடுகு கூடிவிட்டது, குளிரில் தலை வறண்டிருக்கும் என்று தினமும் ராத்திரி தேங்காய் எண்ணெய் தேய்க்கிறேன், ஆனாலும் உதிர்வது நிற்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அந்த எண்ணெயை நிறுத்துங்கள்.

பொடுகு வேறு, வறட்சி வேறு. எல்லார் தலையிலும் மலசீசியா என்ற ஈஸ்ட், அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை, இருக்கிறது. அது எண்ணெய்ப் பசையைத் தின்று வாழ்வது. அப்போது மிஞ்சும் ஒலியிக் அமிலம் சிலருக்குத் தோலை உறுத்தி, செதிலாக உரிய வைக்கிறது. ராத்திரி முழுக்க எண்ணெய் ஊறினால் அந்த ஈஸ்டுக்குத் தீனி போட்ட மாதிரிதான். உதிர்வதை விரலால் நசுக்கிப் பாருங்கள். மஞ்சளாகப் பிசுபிசுத்தால் அநேகமாகப் பொடுகு. மாவாகப் பறந்தால் வறட்சியாக இருக்கலாம்.

நான் குன்னூரில் இருக்கிறேன். இங்கே மார்கழியில் தலை துவட்டி ஒரு மணி நேரமானாலும் அடிமுடி ஈரமாகவே இருக்கும். அப்படியே கம்பளிக் குல்லாயைப் போட்டபோதெல்லாம் எனக்கு அரிப்பு கூடியது. நன்றாகக் காய்ந்தபின் போடுங்கள். கொதிக்கக் கொதிக்க வெந்நீரும் வேண்டாம்.

மருந்துக்கடையில் அந்தப் பூஞ்சையை அடக்கும் 2 சதவீதக் கீட்டோகோனசோல் ஷாம்பு கிடைக்கும். வாரம் இரண்டு முறை, நுரையைத் தலைத்தோலில் 5 நிமிடம் விட்டு அலசுங்கள். எண்ணெய் இல்லாமல் மனசு கேட்காது என்றால், குளிக்குமுன் முடியின் நீளத்துக்கு மட்டும் தடவுங்கள். முடிக்கு அது நல்லதுதான்.

4 வாரத்தில் குறையாவிட்டாலோ, புருவத்திலும் காதுக்குப் பின்னாலும் சிவந்து உரிந்தாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள்.