சில்லர் ஷீட்டில் பழைய தேதி போட்டுக் கையெழுத்து கேட்கிறார்கள், போடலாமா?

கேள்வி: கம்பம் எனக்குச் சொந்த ஊர். கேரளத்தில் தேக்கடியில் ஒரு நட்சத்திர ரிசார்ட்டில் கோல்டு கிச்சன் (சாலட் மாதிரி குளிர்ந்த உணவு தயாராகும் பகுதி) சூப்பர்வைசராக இருக்கிறேன். போன வாரம் கல்யாண பஃபே சாப்பிட்ட 14 பேருக்கு வாந்தி பேதி. வாக்-இன் சில்லர் என்கிற குளிர் அறைக் கதவின் ரப்பர் கிழிந்து கிடப்பதை இருபது நாளாக வாட்ஸ்அப்பில் சொல்லிக்கொண்டே இருந்தேன், யாரும் மாற்றவில்லை. இப்போது மூன்று வாரத்து டெம்பரேச்சர் ஷீட்டைப் புதிதாக எழுதி, எல்லா நாளும் 4 டிகிரி என்று கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். மறுத்ததும் 48 மணி நேரத்தில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்துவிட்டது. கேஸ் என் தலையில் விழுமா?

பதில்: தம்பி, போடாதீர்கள். எவ்வளவு மிரட்டினாலும் அந்தத் தாளில் பேனாவை வைக்காதீர்கள்.

உங்கள் கையெழுத்துக்கு ஏன் இவ்வளவு அவசரம் தெரியுமா? 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தின் 80ஆம் பிரிவுப்படி, எடுக்க வேண்டிய முன்ஜாக்கிரதை எல்லாம் எடுத்தோம், உரிய கவனத்தோடு இருந்தோம் என்று நிரூபித்தால் நிர்வாகம் தப்பிக்கலாம், அதை நிரூபிக்க ரெக்கார்டு வேண்டும். குளிர்ந்த உணவு 5 டிகிரிக்குள், சூடான உணவு 60க்கு மேல் என்று லைசென்ஸ் விதிகளின் 4ஆம் அட்டவணை சொல்கிறது. அதற்குப் பொருந்துகிற மாதிரி ஒரு தாளைத் தயார் செய்யத்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள்.

பீருமேடு கோர்ட்டில் இப்படிப்பட்ட தாள்களைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து, எல்லாம் 4.0, ஒரே பேனா, ஒரு மஞ்சள் கறைகூடக் கிடையாது. நிஜமாகவே சில்லர் கதவில் தொங்கிய தாள் அப்படி இருக்காது. ஈரக்கை பட்டு மை இளகியிருக்கும், சரக்கு இறக்கிய நேரத்தில் 7 என்று இருக்கும், பக்கத்திலேயே யாராவது காரணத்தைக் கிறுக்கி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துப் பழகிய உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்குப் போலி சீக்கிரம் தெரிந்துவிடும், அப்போது மாட்டுவது கையெழுத்துப் போட்டவர். தெரிந்தே பொய்யான ஆவணம் கொடுப்பது அதே சட்டத்தின் 61ஆம் பிரிவுப்படி தனிக் குற்றம், 2023 திருத்தத்துக்குப் பிறகு அபராதமே 10 லட்சம் ரூபாய் வரை போகலாம்.

சரி, கேஸ் உங்கள் மேல் வருமா? பாதுகாப்பற்ற உணவால் கொடுங்காயம் அல்லாத பாதிப்பு வந்தால் 59ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, 3 லட்சம் ரூபாய் வரை அபராதம். நிறுவனத்தில் யார் பொறுப்பு என்பதை 66ஆம் பிரிவு சொல்கிறது. உணவுப் பாதுகாப்புக்கு என்று நிறுவனம் ஒருவரைப் படிவம் 9இல் நியமிக்கலாம், அதில் அவருடைய சம்மதக் கையெழுத்தும் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த நாளில் கட்டுக்கட்டாக நீட்டிய தாள்களில் அந்தப் படிவமும் இருந்ததா? நன்றாக யோசித்துப் பாருங்கள். இல்லையென்றால் முதல் கேள்வி நிறுவனத்துக்கும் பொறுப்பில் இருந்த மேலாளருக்கும்தான். ஆனால் ஊழியரின் அலட்சியத்தால் நடந்தது என்று தெரிந்தால் அவரையும் சேர்க்க முடியும், அதனால்தான் அந்த வாட்ஸ்அப் மெசேஜ்கள் உங்களுக்கு உயிர் மாதிரி.

போனை மாற்றாதீர்கள், குரூப்பிலிருந்து வெளியே வராதீர்கள், அவர்கள் நீக்குவதற்கு முன்னால் முழு வாட்ஸ்அப் உரையாடலையும் ஏற்றுமதி செய்து வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் இருந்தால் கோர்ட்டில் இழுபறி ஆகும், மின்னணுப் பதிவுக்கான பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவுச் சான்றிதழும் மூல போனும் கேட்பார்கள். பழைய ஷீட்டை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்துவிடாதீர்கள், திருட்டுப் புகார் கொடுக்க அது போதும். அதைக் கைப்பற்றுவது அதிகாரியின் வேலை.

அப்புறம் கோல்டு கிச்சன் என்பதால் ஒன்று கேட்டே ஆக வேண்டும். சாலட்டுக்குப் பச்சை முட்டையில் மயோனைஸ் அடித்தீர்களா? கேரளத்தில் 2023 ஜனவரியில் அதற்குத் தடை போட்டார்கள். அடித்திருந்தால் நோட்டீஸுக்குப் பதில் எழுதும் முன்னால் ஒரு வக்கீலை நேரில் பார்த்து அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் பதில் ஒரு பக்கம் போதும். எந்தத் தேதியில் யாரிடம் ரப்பர் கிழிந்ததைச் சொன்னீர்கள், அன்று சில்லர் எத்தனை டிகிரி காட்டியது, எந்தத் தேதியில் யார் ஷீட்டை மாற்றி எழுதச் சொன்னார்கள். கோபமாக ஒரு வார்த்தையும் வேண்டாம், மன்னிப்பும் கேட்காதீர்கள், “என் தவறுதான்” என்று ஒரு வரி எழுதினால் அதை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்வார்கள்.

கூடவே திருவனந்தபுரத்தில் உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு ஒரு புகார் அனுப்புங்கள். மலையாளம் எழுத வராது என்று தயங்க வேண்டாம், கேரளத்தின் ஆட்சிமொழிச் சட்டப்படி இங்குள்ள தமிழர்கள் துறைத் தலைவர்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் தர வேண்டும். அந்த 14 பேரில் குழந்தைகளும் வயதானவர்களும் இருந்திருக்கலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65ஆம் பிரிவில் அவர்களுக்கு இழப்பீடு கேட்க வழி இருக்கிறது, அந்த சில்லரில் என்ன நடந்தது என்று உங்களை மாதிரி ஒருவர் சொன்னால் அவர்களுக்குப் பெரிய உதவி.

48 மணி நேரத்தில் எவ்வளவு போயிருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. இன்றைக்கே பதிலை மெயிலில் அனுப்பிவிட்டு, நாளை காலை குமுளி தபால் ஆபீஸ் திறந்ததும் அதே பதிலை ஸ்பீடு போஸ்டிலும் போடுங்கள், ரசீதை வீட்டில் வையுங்கள், ஸ்டாஃப் ரூம் லாக்கரில் வேண்டாம்.