ஒப்புவிப்பது வேறு, சரண்டர் வேறு

கேள்வி: கணவருக்கு இரண்டு கிட்னியும் போய் ஒரு வருடமாக டயாலிசிஸ். மகனின் படிப்புக்கு வாங்கிய கடன் வேறு. 'அழுதால் விசுவாசம் இல்லை என்று அர்த்தம், கடவுளிடம் முழுசாக சரண்டர் ஆகிவிடு' என்று வீட்டுக்கு வரும் ஜெபக்குழுவினர் சொல்கிறார்கள். முயன்று பார்க்கிறேன். இரவானால் அழுகைதான் வருகிறது. எப்படி சரண்டர் ஆவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: அம்மா, முதலில் அந்த 'சரண்டர்' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். இந்தப் பக்கத்தில் அதோடு நான் சண்டை போடுவது இது முதல் தடவை இல்லை, பழைய வாசகர்களுக்குத் தெரியும். நம் ஊரில் சரண்டர் என்றால் இரண்டே அர்த்தம். ஒன்று, போலீஸ் தேடும் ஆள் வக்கீலோடு வந்து கோர்ட்டில் நிற்பது. இன்னொன்று, லீவு சரண்டர். தெருவுக்கு நாலு வாத்தியார் இருக்கிற மாவட்டம் இது. ஈட்டிய விடுப்பில் 15 நாளைத் திருப்பிக் கொடுத்தால் அது பணமாக வரும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும்.

இந்த இரண்டு அர்த்தமும் அப்படியே பக்திக்குள் புகுந்துவிட்டன. ஒன்று, கடவுள் நம்மைத் தேடும் போலீஸ். கையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க வேண்டும். இல்லையென்றால் அவர் கருவூலம். கண்ணீரைச் சரண்டர் செய்தால் சுகத்தை வரவு வைப்பார். வரவு வராவிட்டால் விண்ணப்பத்தில் குறை, அதாவது உங்கள் விசுவாசத்தில் குறை. உங்கள் வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து அவர்கள் போட்டுக் காட்டுவது இந்தக் கணக்கைத்தான். எனக்குக் கோபம் வருகிறது.

நம் வேதாகமத்தில் இதற்கு அருமையான தமிழ்ச் சொல் இருக்கிறது: ஒப்புவித்தல். நம்பி ஒருவர் கையில் கொடுப்பது. 'உன் வழியைக் கர்த்தருக்கு ஒப்புவித்து, அவர்மேல் நம்பிக்கையாயிரு' என்கிறது 37ஆம் சங்கீதம். ஓய்வுநாள் பள்ளியில் நான் முதலில் ஒப்புவித்ததும் இந்த வசனம்தான். பார்த்தீர்களா, மனப்பாடமாகச் சொல்வதற்கும் அதே சொல். வாத்தியார் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம், பாதியில் மறந்துபோகும், தொண்டை அடைக்கும். அவர் மெதுவாக ஒரு சொல்லை எடுத்துக் கொடுப்பார். அப்புறம் தொடர்ந்து சொல்லி முடிப்போம். மறந்ததற்காக யாரையும் அவர் வெளியே அனுப்பியதில்லை.

சிலுவையில் இயேசு செய்தது இரண்டு அர்த்தத்திலும் ஒப்புவித்தல். 'பிதாவே, உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்' என்பது 31ஆம் சங்கீதத்து வரி. அதற்கு முன்னால் 'என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்' என்று சத்தமிட்டாரே, அது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. கைவிட்டீரே என்று கதறியவர்தான் அந்தக் கைகளிலேயே ஒப்புவித்தார். அவருக்கும் விசுவாசம் போதவில்லை என்று உங்கள் ஜெபக்குழு சொல்லுமா? ஒப்பாரி என்ற சொல்லிலும் அந்த 'ஒப்பு' இருக்கிறது, கவனியுங்கள்.

கடலுக்குப் போன மீனவர்கள் பலர் திரும்பாத 2017 ஒக்கி புயலுக்குப் பிறகு, கடலோர ஊர் ஒன்றில் கோயில் படியில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்தேன். வலது கையில் ஜெபமாலை. இடது கையில், பிளாஸ்டிக் கவருக்குள் மகனின் ஆதார் ஜெராக்ஸ். யாராவது படியேறினால் மணியை உருட்டுவதை நிறுத்திவிட்டு, 'லட்சத்தீவுல கரையேறுனவங்கள்ள இந்தப் பேரு உண்டா மக்களே?' என்று கேட்பார். இல்லை என்றால் அந்த மணியை விரலால் பிடித்தபடியே, விட்ட இடத்திலிருந்து 'அருள் நிறைந்த மரியே' தொடங்குவார். டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறையில் ஆயிரக்கணக்கானோர் ரயிலை மறித்து, எங்கள் ஆட்களைத் தேடுங்கள் என்று அரசைக் கேட்டார்களே, அவர்களும் கோயிலில் முழங்காலிட்டு ஒப்புவித்தவர்கள்தான்.

அடுத்தது யோபு, எல்லாவற்றையும் இழந்து தவித்ததாக வேதாகமம் சொல்லும் மனிதர். நம் மாவட்டத்துக்கு அவர் பழைய சொந்தக்காரர். ஆடுமாடும் பயிரும் போய் மனமொடிந்திருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளைக்கு, குளச்சல் போரில் பிடிபட்டுப் பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியான டச்சுக்காரர் டிலனாய் சொன்னது யோபுவின் கதைதான். 1745இல் திருமுழுக்குப் பெற்று நீலகண்ட பிள்ளை தேவசகாயம் ஆனார். 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். ஆனால் நாம் யோபுவை 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்' என்ற முதல் அதிகாரத்தோடு மூடிவைத்துவிடுகிறோம். இன்னும் 41 அதிகாரம் இருக்கிறது. மூன்றாவதிலேயே தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். பக்கம் பக்கமாக வழக்காடுகிறார். கடவுள் அவரையும் கேள்வி கேட்டார், சரி. ஆனால் 'எனக்குக் கோபம் மூளுகிறது' என்று சொன்னது யாரிடம்? ஆறுதல் சொல்ல வந்து, உன்மேல்தான் ஏதோ குற்றம் என்று உபதேசம் செய்த நண்பர்களிடம்.

அதனால் இரவில் நன்றாக அழுங்கள். என்ன கேட்கத் தோன்றுகிறதோ அதை அவரிடமே கேளுங்கள். காலையில் கணவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. அட்டை இல்லையென்றால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.

ஜெபக்குழு மறுபடி வந்தால் ஒரு உதவி கேளுங்கள். அடுத்த டயாலிசிஸுக்கு யாராவது ஒருவர் உங்களோடு வரட்டும். நாலு மணி நேரம் ஆகும். டிபன் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். யோபுவின் நண்பர்களும் முதல் ஏழு நாள் அப்படித்தான் இருந்தார்கள்.