இரண்டே நாளில் நிறுத்திய ஊசி

கேள்வி: மகளின் குழந்தைக்குப் பிறந்தவுடன் மூச்சிரைப்பு இருந்ததால் நாகர்கோவிலில் ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள், ரத்தத்தில் கிருமி இல்லை என்று 2 நாளில் நிறுத்திவிட்டார்கள். மருந்தைப் பாதியில் நிறுத்தலாமா? இப்போது 16 நாள் ஆகிறது, மூக்கடைப்பு இருக்கிறது. மூத்த பேரனுக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் சிரப் ஃபிரிட்ஜில் மீதி உள்ளது, கொடுக்கலாமா? – ஒரு பாட்டி, தக்கலை.

பதில்: சிரப்பைக் கொடுக்காதீர்கள், அம்மா. ஊசியை நிறுத்தியதும் சரியே. பாதியில் நிறுத்தக் கூடாது என்று நாங்கள் சொல்வது தொற்று உறுதியானவர்களுக்கு. பச்சிளங்குழந்தைக்குத் தொற்று வந்தால் சில மணி நேரத்திலேயே நிலைமை கைமீறிவிடும் என்பதால், சந்தேகம் எழுந்ததுமே, பெரும்பாலும் ஆம்பிசிலினும் ஜென்டாமைசினுமாக, ஊசியைத் தொடங்கிவிடுவோம். ஆனால் அதற்கு முன்பே ஏறக்குறைய ஒரு மில்லி ரத்தம் எடுத்துக் கல்ச்சர் புட்டியில் விட்டு, உடல் சூட்டிலேயே வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். எதுவும் வளராமல், குழந்தையும் நன்றாகப் பால் குடித்தால் ஊசிக்கு வேலையில்லை. உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனை அளவு சற்றுக் கூடியிருக்கிறது என்பதற்காகவே 7 நாள் நீட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பிரசவச் சிரமத்தாலேயே அது கூடலாம்.

வீணாக நீட்டினால் குடலில் குடியேறும் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, மருந்துக்கு அடங்காதவை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். டெல்லியின் மூன்று மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வில், தொற்று கண்ட பச்சிளங்குழந்தைகளிடம் அதிகம் காணப்பட்ட கிருமி அசினெட்டோபாக்டர். அதில் 82 விழுக்காடு பல மருந்துகளுக்குக் கட்டுப்படவில்லை. அந்நிலையில் கொலிஸ்டின் போன்ற, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்துகளே மிஞ்சுகின்றன.

கலக்கி வைத்த சிரப்பின் வீரியம் நாளுக்கு நாள் குறையும் என்பது ஒருபுறமிருக்க, குழந்தைக்கு உண்மையிலேயே தொற்று இருந்தால், அரைகுறையாக உள்ளே போன மருந்தால் கல்ச்சரில் கிருமி வளராமல் நாங்களே ஏமாந்துபோவோம்.

வெறும் மூக்கடைப்புக்குப் பால் கொடுக்குமுன் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். குளிப்பாட்டும்போது மூக்கில் ஊதுவதும் எண்ணெய் விடுவதும் நம் பக்கத்தில் இன்னும் நடக்கின்றன. எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விடும், வேண்டாம். குழந்தை தூங்கும்போது சட்டையை விலக்கி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணுங்கள். 60-ஐ எட்டினாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, உடல் சுட்டாலோ, வயிறும் பாதமும் சில்லிட்டிருந்தாலோ, தாமதிக்காமல் தக்கலை அரசு மருத்துவமனைக்கோ ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டு செல்லுங்கள். முன்பு கொடுத்த டிஸ்சார்ஜ் தாளையும் கல்ச்சரின் இறுதி முடிவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.