விறாந்தையோரம் தேங்கும் மாரித்தண்ணி: கிடங்கு வெட்ட முன்

விறாந்தையோரம் தண்ணி இரண்டு நாள் நிக்குது, கிணத்தடியில தண்ணி ஊறி இறங்க ஒரு கிடங்கு (குழி) வெட்டி விடலாமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். கிணத்தடி வேண்டாம். எங்கட யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லில வெடிப்புகள் இருக்கு; முற்றத்து ஊத்தைத்தண்ணி வடிபடாமலே கிணத்துக்குள்ள போயிடும்.

முதல்ல ரியூப் மட்டம் (தண்ணி நிரப்பின குழாயால நில உயரம் பாக்கிறது) பிடியுங்கோ. அத்திவாரத்தில இருந்து முதல் 10 அடிக்கு 6 இஞ்சியாவது நிலம் வெளிப்பக்கமாச் சரிஞ்சு இறங்கோணும். பெரும்பாலும் பிழை இங்கதான்: பூக்கண்டுப் பாத்திக்கு மண் கொட்டிக் கொட்டி வெளிப்பக்கம் உயர்ந்திருக்கும். அதை வெட்டி எடுத்தாலே அரைவாசி வேலை முடிஞ்சுது.

பிறகும் கிடங்கு வேணுமெண்டால், கிணத்துக்கும் மலக்குழிக்கும் தூரமா 2 அடிக் குழி தோண்டித் தண்ணி நிரப்பி இறங்குதோ எண்டு பாருங்கோ, அதுவும் கார்த்திகையில. கோடையில விறுவிறெண்டு இறங்கிற குழி, நிலத்தடி நீர் ஏறினாப்பிறகு கீழயிருந்தே நிரம்பும். அப்பிடியெண்டால் கிடங்கு வீண்காசு. பிரதேச சபையைக் கேட்டு ஒழுங்கை வாய்க்காலுக்குத்தான் விடோணும்.