தவணை மாறாது, கடனும் தீராது

கேள்வி: வீட்டில் ஓர் அறையை ஹோம் தியேட்டராக மாற்றினேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தனிநபர் கடன் வாங்கி டிவி, ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ரிசீவர், ஐந்து ஸ்பீக்கர்கள், தாழ்ந்த ஒலிகளுக்கென்று ஒரு சப்வூஃபர் வாங்கினேன். ஓராண்டு கழித்து அதே கடனின் மேல் இன்னும் கொஞ்சம் கடன், அதாவது டாப்-அப் எடுத்து, மர வேலை செய்யும் என் மைத்துனரிடம் சுவர் முழுக்க ஓர் அலமாரி செய்யச் சொன்னேன். ஸ்பீக்கர்கள் எல்லாம் உள்ளேயே அடங்கும்படி அழகாகச் செய்துகொடுத்தார். ஆனால் வசனம் தெளிவாகக் கேட்பதில்லை. பேஸ் எனும் தாழ்ந்த ஒலி மட்டும் அறை முழுக்க முழங்குகிறது. கடையில் கேட்டால், ரிசீவரை மாற்றி, கூரையில் நான்கு ஸ்பீக்கர்கள் வைத்து, தலைக்கு மேலிருந்தும் ஒலி கேட்கும் டால்பி அட்மாஸுக்கு மாறச் சொல்கிறார்கள். அப்படியானால் அலமாரியையும் புதிதாகச் செய்ய வேண்டும் என்கிறார் மைத்துனர். பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கிறார். கடன் கொடுத்த நிறுவனம், தவணை மாறாமல் இன்னொரு டாப்-அப் தருவதாகச் சொல்கிறது. அதை எடுக்கலாமா, கடையின் வட்டியில்லாத் தவணையில் வாங்கலாமா, மகளின் படிப்புக்குச் சேர்த்ததிலிருந்து கொஞ்சம் எடுக்கலாமா? எதில் வட்டி குறைவு?

பதில்: மூன்றுமே வேண்டாம். எதில் வட்டி குறைவு என்று கேட்டிருக்கிறீர்கள். இதை வாங்கத்தான் வேண்டுமா என்று கடிதத்தில் எந்த இடத்திலும் கேட்கவில்லை. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

காப்பீடு, அவசரகால நிதி, ஓய்வுக்கால முதலீடு எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்திருப்பது நீங்கள் அனுப்பிய பட்டியலிலேயே தெரிகிறது. அந்தப் பாடத்தை உங்களுக்கு நடத்தப்போவதில்லை. உங்களிடம் உள்ள ஒரே கெட்ட பழக்கம் டாப்-அப். அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

தொகைகளை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால், உங்கள் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்கிறேன். முதல் கடன் 400. அதாவது நான்கு மாதச் சம்பளம். வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம், 36 தவணைகள். மாதம் சுமார் 14 கட்டினீர்கள். ஓராண்டில் கட்டியது 166. அசலில் குறைந்ததோ 114தான், நிலுவை 286. அந்த நேரத்தில் 200க்கு டாப்-அப் எடுத்தீர்கள். கடன் 486 ஆகி, மறுபடியும் 36 மாதம் தொடங்கியது. தவணை சுமார் 17. இன்னோர் ஆண்டு கட்டிய பிறகு இன்றைய நிலுவை 348.

இரண்டு ஆண்டுகளில் கையில் வாங்கியது 600. கட்டியது 368. இன்னும் பாக்கி 348. ஆக, வட்டிக்கு மட்டும் இதுவரை 116 போயிருக்கிறது. ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல்.

இப்போது வந்திருக்கும் அழைப்பைப் பார்ப்போம். பழைய நிலுவையோடு புதிதாக 250 சேர்த்து ஏறத்தாழ 600 ஆக்கி, 48 மாதமாக நீட்டினால் தவணை 16.7 வருகிறது. தவணை மாறாது என்று அவர்கள் சொன்னது உண்மைதான்; இம்மியளவு குறையக்கூடச் செய்கிறது! மாறுவது மாதங்களின் எண்ணிக்கை. இப்போதுள்ளபடியே விட்டால் இன்னும் 24 மாதம், மொத்தம் சுமார் 404 கட்டி விடுபடுவீர்கள். டாப்-அப் எடுத்தால் 48 மாதம், மொத்தம் சுமார் 802. வித்தியாசம் ஏறக்குறைய 400. கையில் வருவது 250, அதற்காகக் கூடுதலாகக் கட்டுவது 400. செயல்முறைக் கட்டணத்தைப் புதிய 250க்கு மட்டும் வாங்குகிறார்களா, மொத்தம் 600க்கும் வாங்குகிறார்களா என்று விசாரித்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

டாப்-அப் பற்றி எல்லோரும் மாதத் தவணையை வைத்தே பேசுகிறார்கள். விற்பவருக்கு அது வசதி, வாங்குபவருக்கு ஆறுதல். கடனின் அளவைப் பார்க்க வேண்டிய எண் நிலுவைத் தொகை. உங்களுக்கு அது ஆண்டுதோறும் இறங்குவதும், இறங்கிய கையோடு நீங்களே அதை ஏற்றிவிடுவதுமாக இருக்கிறது. முதல் கடனின் முதல் தவணையில் 14க்கு 5 வட்டிக்குப் போனது. புதிய கடனின் முதல் தவணையில் 17க்கு ஏழரை போகும்.

கடையின் வட்டியில்லாத் தவணைக்கு வருவோம். அதே பொருளை மொத்தப் பணமும் கொடுத்து வாங்கினால் என்ன விலை என்று கேளுங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு தள்ளுபடி ஒளிந்திருக்கும். தவணையில் வாங்குபவருக்கு அது கிடைக்காது. அதுதான் வட்டி, பெயர் மட்டும் வேறு. '12 சதவீத ஃபிளாட் வட்டி', அதாவது அசல் குறைந்தாலும் கடைசிவரை முழு அசலுக்கும் போடும் வட்டி என்று யாராவது சொன்னால் இன்னும் கவனமாக இருங்கள். மூன்றாண்டுக் கடனில் ஃபிளாட் 12 என்பது, குறையும் நிலுவைக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 21 சதவீதம். உங்கள் தனிநபர் கடனைவிட மோசம்.

மகளின் படிப்புப் பணத்தைத் தொடாதீர்கள். இதில் விளக்க எதுவும் இல்லை.

சரி, அந்த 250 எதைச் சரிசெய்வதற்காக? வசனம் கேட்கவில்லை, பேஸ் முழங்குகிறது. ஒலி என் தொழில் அல்ல என்றாலும், நீங்கள் அனுப்பிய அறை வரைபடத்தைப் பார்த்தால் செலவில்லாமல் செய்ய வேண்டிய வேலைகள் நிறைய மிச்சமிருக்கின்றன. அவற்றைச் செய்யாமல் கடன் வாங்குவதுதான் எனக்கு எரிச்சலைத் தருகிறது.

திரைப்படத்தில் வசனத்தின் பெரும்பகுதி வருவது நடு ஸ்பீக்கரிலிருந்து. அதை டிவிக்குக் கீழே, முழங்கால் உயரத்தில், அலமாரித் தட்டின் உள்ளே ஒரு முழம் தள்ளி வைத்திருக்கிறீர்கள். சத்தம் முதலில் தட்டின் பலகைகளில் மோதிவிட்டுத்தான் உங்களிடம் வருகிறது. அதைத் தட்டின் விளிம்பு வரை முன்னே இழுத்து, முன்பக்கத்தைச் சற்றே உயர்த்தி, உட்கார்ந்திருப்பவரின் காதை நோக்கித் திருப்புங்கள். செலவு ஒரு ரப்பர்க் கட்டை. கூரையில் நாற்பது ஸ்பீக்கர்கள் வைத்தாலும், மரப்பெட்டிக்குள் கிடக்கும் நடு ஸ்பீக்கர் தெளிவடையாது. அட்மாஸ் மோசமான நுட்பம் என்று சொல்லவில்லை. வீடுகளுக்கு அது வந்தது 2014இல். மழையும் ஹெலிகாப்டரும் தலைக்கு மேல் கேட்பது இனிமைதான். உங்கள் குறைக்கு அது மருந்தில்லை, அவ்வளவே.

முன் இடது, வலது ஸ்பீக்கர்களையும் பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள். பின்புறம் காற்றுத்துளை உள்ள ஸ்பீக்கரை மூடிய பெட்டிக்குள் செருகினால் பேஸ் உப்பத்தான் செய்யும்; பெட்டி அறையின் மூலையில் இருந்தால் இன்னும் அதிகம். உட்காரும் இடத்திலிருந்து பார்க்கும்போது இவை இரண்டும் திரையின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் 22 முதல் 30 பாகைக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் நீங்கள் 3 மீட்டர் தொலைவில் உட்கார்ந்தால், இரண்டுக்கும் இடையே இரண்டேகால் மீட்டர் முதல் 3 மீட்டர் வரை. உயர் அதிர்வெண் ஒலியைத் தரும் சிறிய ட்வீட்டர் காது உயரத்தில் வரட்டும். மீதி இரண்டான சரவுண்ட் ஸ்பீக்கர்கள் உங்களுக்குப் பக்கவாட்டில், 90 முதல் 110 பாகையில், காதுக்குச் சற்று மேலே. உங்கள் படத்தில் அவை எதிர்ச்சுவரின் உச்சியில் தொங்குகின்றன.

சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறீர்கள். சுவரோரம்தான் தாழ்ந்த ஒலிகளின் அழுத்தம் மிகும். இடம் இருக்கும் அளவுக்கு முன்னே நகர்த்துங்கள். சப்வூஃபருக்கு இடம் தேட ஒரு பழைய உத்தி இருக்கிறது: அதைத் தூக்கி சோபாவில் நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் நிறைந்த ஒரு பாட்டை ஓட விட்டு, அறையின் ஓரமாகத் தவழ்ந்து வாருங்கள். எங்கே பேஸ் சீராகவும் முழக்கமில்லாமலும் கேட்கிறதோ, அங்கே சப்வூஃபரை வையுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. அதன் பிறகு ரிசீவரோடு வந்த மைக்கை வைத்துத் தானியங்கி அளவீட்டை மறுபடி ஓட்டுங்கள். அலமாரி வந்த பிறகு அதைச் செய்ததாக நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் உங்கள் ரிசீவர் இன்னும் பழைய அறைக்குத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. எதிரொலி மிச்சம் இருந்தால் தரையில் ஒரு கம்பளமும் ஜன்னலுக்குத் தடித்த திரையும் போதும்.

(வாங்க நினைக்கும் பொருள்களின் பட்டியலில் விலை உயர்ந்த எச்.டி.எம்.ஐ. கேபிள் ஒன்றையும் பார்த்தேன். தரச்சான்று பெற்ற சாதாரணக் கேபிளில் படம் விட்டுவிட்டு வராமல் ஓடுகிறது என்றால், தங்க முலாம் பூசியது அதைவிட நல்ல படத்தைக் காட்டப்போவதில்லை. அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.)

இனி மைத்துனர். இதைச் சுற்றி வளைத்து எழுதியிருக்கிறீர்கள், நான் நேராகச் சொல்கிறேன். அவருக்கு வேலை குறைவாக இருந்த நேரத்தில் அந்த அலமாரியைச் செய்யக் கொடுத்தீர்கள். முன்பணம் வேறொருவரின் வேலைக்குப் போனது, அலமாரி எட்டு மாதம் இழுத்தது, நீங்கள் வாய் திறக்கவில்லை. உதவியையும் வியாபாரத்தையும் ஒரே பணத்தில் முடிக்கப் பார்த்ததால், இரண்டும் அரைகுறையாக நின்றன. அவருக்கு உதவ வேண்டுமென்றால் உங்களால் முடிந்த ஒரு தொகையை, திரும்பி வராது என்று எண்ணி, உதவி என்றே சொல்லிக் கொடுங்கள். கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். வேலை கொடுப்பதாக இருந்தால் அளவோடு கூடிய வரைபடம் முதலில் வரட்டும். மரத்தை நீங்களே வாங்கி அவருடைய பட்டறைக்கு அனுப்புங்கள். கூலியை மூன்றாகப் பிரித்து, சட்டம் கூடியதும் ஒன்று, பொருத்தி முடிந்ததும் ஒன்று, மெருகு ஏற்றியதும் கடைசி என்று கொடுங்கள். உறவு கெடும் என்று அஞ்ச வேண்டாம். இப்போதே நீங்கள் அவரைப் பற்றி எனக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

கையால் செய்த மரச்சாமானில் பணம் எங்கே வீணாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல மரம் இருபது ஆண்டுகளுக்குக் குறையாமல் உழைக்கும். டிவியும் ரிசீவரும் அவ்வளவு காலம் தாங்குவது அரிது. ஒரு குறிப்பிட்ட டிவியின் அகலத்துக்கும் ஒரு குறிப்பிட்ட ஸ்பீக்கரின் உயரத்துக்கும் துல்லியமாக வெட்டிய அலமாரி, அந்தப் பொருளோடு சேர்ந்து வயதாகிவிடுகிறது. உங்கள் சுவர் அளவுக்குச் செய்ததை வேறு யாரும் விலைக்கு வாங்கவும் மாட்டார்கள். இப்படித்தான் கருவி மாறினால் அலமாரி, அலமாரி மாறினால் டாப்-அப் என்று சுற்று ஓடுகிறது. அடுத்த முறை செய்யும்போது தாழ்வான ஒரு நீள மேடை, தனித்தனி ஸ்பீக்கர் ஸ்டாண்டுகள், இடம் மாற்றக்கூடிய தட்டுகள், ரிசீவரின் சூடு வெளியேறத் திறந்த பின்புறம் என்று கேளுங்கள். மரமும் கூலியும் இதில் குறைவு.

அந்த அடுத்த முறை எப்போது? இன்னும் 24 மாதத்தில் கடன் முடிகிறது. அதன் பின் அதே 17ஐ மாதந்தோறும் ஒதுக்கினால் 15 மாதத்தில் 255 சேரும். ஆக 39ஆவது மாதத்தில் ரொக்கமாகவே, பேரம் பேசி, அட்மாஸ் வாங்கலாம். டாப்-அப் எடுத்தால் 48ஆவது மாதத்திலும் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். அதற்குள் கடையில் வேறொரு பெயரில் வேறொன்று வந்திருக்கும், நீங்களும் எனக்கு மறுபடி கடிதம் எழுதுவீர்கள்.

இந்த வாரம் கடன் நிறுவனத்துக்கு மறுப்பை எழுத்தில் அனுப்புங்கள். இனி டாப்-அப் அழைப்புகள் வேண்டாம் என்றும் அதிலேயே எழுதுங்கள். முன்கூட்டியே அசலைக் கட்ட அபராதம் உண்டா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். இல்லையென்றால், ஆண்டு போனஸில் ஒரு பங்கு அங்கே போகட்டும்.

அலமாரியை இடிக்க வேண்டாம். நடுத்தட்டுகள் இரண்டையும் பின்பலகையையும் அறுத்தெடுத்தால் ஸ்பீக்கர்கள் மூச்சுவிடும், ரிசீவரும் சூடாகாது. எடுத்த பலகையில் இரண்டு ஸ்டாண்டுகள் செய்துவிடலாம். ஓரிரு நாள் வேலை இது. மைத்துனரையே கூப்பிடுங்கள், முடிந்த அன்று மாலையே கூலியைக் கையில் கொடுங்கள்.