சீக்வென்சிங் பகுப்பாய்வு, ஃப்ளோ சைட்டோமெட்ரி இரண்டையும் ஆய்வு மாணவர்களுக்குக் கற்றுத்தரும் பயிற்சியை எப்படி அமைப்பது?

மென்பொருளை ஓட்டக் கற்றுக்கொடுப்பதற்கு முன், கெட்ட தரவை அடையாளம் காணக் கற்றுக்கொடுங்கள். சீக்வென்சிங் என்பது டிஎன்ஏ, ஆர்.என்.ஏ எழுத்து வரிசையைப் படிப்பது; ஃப்ளோ சைட்டோமெட்ரி சாயம் ஏற்றிய செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு அளப்பது. இரண்டிலும் ஆபத்து ஒன்றுதான்: பிழைச் செய்தி எதுவும் வராமலே தவறான விடை வந்துவிடும். அதனால் பயிற்சித் தரவில் பாதியையாவது வேண்டுமென்றே பழுதாக்கி வையுங்கள்.

சீக்வென்சிங்கில் முதலில், கருவி தரும் மூலத் தரவான ஃபாஸ்ட்க்யூ கோப்பைத் திறந்து படிக்கட்டும். ஒரு ரீடுக்கு (கருவி படித்த ஒரு துண்டுக்கு) 4 வரிகள். கடைசி வரி தர மதிப்பு. கியூ20 என்றால் அந்த பேஸ் (ஏ, சி, ஜி, டி எழுத்து) தவறாக இருக்க நூற்றில் ஒரு வாய்ப்பு, கியூ30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. அடுத்து தரத்தைச் சரிபார்க்கும் ஃபாஸ்ட்க்யூசி நிரலின் அறிக்கை. சிவப்புக் குறியைக் கண்டதும் வெட்டித் தள்ளும் பழக்கத்தை இங்கேயே நிறுத்த வேண்டும். ஆர்.என்.ஏ சீக்வென்சிங்கில் ரீடின் முதல் பத்துப் பன்னிரண்டு பேஸ்களில் எழுத்துகளின் விகிதம் ஏறி இறங்குவது ராண்டம் ஹெக்ஸாமர் பிரைமரால் (படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் 6 எழுத்துத் துண்டுகளால்) வருவது, வெட்டத் தேவையில்லை. நெக்ஸ்ட்சீக், நோவாசீக் கருவிகளில் வரும் சிக்கல் வேறு. அவை இரண்டே நிறங்களை வைத்துப் படிப்பதால், ஒளி இல்லாத இடத்தை ஜி என்று எழுதிவிடும், பல நேரம் நல்ல தர மதிப்போடு. தர மதிப்பை வைத்து வெட்டினால் அந்த ஜி வால் போகாது. ஃபாஸ்ட்பி நிரல் செய்யும் பாலி-ஜி நீக்கம் வேண்டும்.

ரீடுகளை மனித ஜீனோம் முழுவதோடும் ஸ்டார் நிரலில் அலைன் செய்ய (பொருந்தும் இடத்தைக் கண்டுபிடிக்க) ஏறத்தாழ 30 ஜிபி நினைவகம் ஆகும். மடிக்கணினியில் நடத்துவதென்றால் 22ஆம் குரோமோசோம் போதும். ஆனால் அதற்குரிய ரீடுகளை முழு ஜீனோம் அலைன்மென்டிலிருந்து முன்கூட்டியே பிரித்துக் கொடுங்கள். எல்லா ரீடுகளையும் ஒரே குரோமோசோமுக்கு எதிராக ஓட்டினால், வேறு இடத்து ரீடுகளும் அங்கே வந்து ஒட்டும்.

பழுதாக எதை வைப்பது? ஜீனோம் கோப்பில் ‘சிஎச்ஆர்1’ என்றும் ஜீன் பட்டியலில் வெறும் ‘1’ என்றும் இருந்தால் எல்லா எண்ணிக்கையும் பூஜ்யம். இது எளிதில் பிடிபடும். ஜீன்வாரியாக ரீடுகளை எண்ணும் ஃபீச்சர்கவுன்ட்ஸில் இழைத் திசையை மாற்றிக் கொடுப்பது கடினமானது: டியூடிபி முறையில் இழைத் திசையைக் காத்துத் தயாரித்த லைப்ரரிக்கு (சீக்வென்சிங் மாதிரிக்கு) 2 என்று தர வேண்டிய இடத்தில் 1 தந்தால் பெரும்பாலான ரீடுகள் எந்த ஜீனிலும் சேராது. ஆண், பெண் மாதிரிகளின் பெயரை மாற்றி வைப்பதையும் விடாதீர்கள். பெண்களில் இயங்கும் எக்ஸிஸ்ட் ஜீனையும் ஒய் குரோமோசோம் ஜீன்களையும் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்க வேண்டும் என்று தோன்றுவதுதான் பயிற்சி. மாதிரிகளிடையே ஜீன் அளவை ஒப்பிடும் டிஇசீக்2-க்கு டிபிஎம் மதிப்புகளை (ஜீன் நீளத்துக்கும் மொத்தத்துக்கும் ஏற்பச் சரிசெய்தவை) தரக்கூடாது, முழு எண்ணிக்கைதான் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஃப்ளோ சைட்டோமெட்ரியில் அதிக நேரத்தை டைட்ரேஷனுக்கும் (ஆன்டிபாடியின் சரியான அளவைக் கண்டறிவது) காம்பன்சேஷனுக்கும் (ஒரு சாயத்தின் ஒளி இன்னொன்றின் சேனலில் கசிவதைக் கழிப்பது) ஒதுக்குங்கள். சாயம் இணைத்த ஆன்டிபாடியைப் பாதி பாதியாக நீர்த்து 6 முதல் 8 குழாய்கள். செல் எண்ணிக்கையும் கன அளவும் (100 மைக்ரோலிட்டர் என்று வைத்தால் அதுவே) எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பாசிட்டிவ் (சாயம் ஏறிய) செல்களின் மீடியனிலிருந்து நெகட்டிவ் (ஏறாத) செல்களின் மீடியனைக் கழித்து, நெகட்டிவின் திட்ட விலக்கத்தைப் போல் இரு மடங்கால் வகுத்தால் ஸ்டெயின் இன்டெக்ஸ். இது உச்சத்தில் இருக்கும் குழாய்தான் சரியான அளவு. அதைத் தாண்டி ஊற்றினால் நெகட்டிவ்தான் மேலே ஏறும்.

காம்பன்சேஷனுக்கான ஒற்றைச் சாய கண்ட்ரோல் குறைந்தது மாதிரி அளவுக்குப் பிரகாசமாக இருக்க வேண்டும். பீட் (ஆன்டிபாடி ஒட்டும் நுண்மணி) பாசிட்டிவுக்கு பீட் நெகட்டிவ், செல்லுக்குச் செல். சாயமும் அதேதான்: ஜிஎஃப்பி என்ற ஒளிரும் புரதத்துக்குப் பதிலாக அதேபோல் பச்சையில் ஒளிரும் எஃப்ஐடிசி சாயத்தை வைத்தால் ஒளிக்கசிவின் அளவே மாறிவிடும். பிஇ-சிஒய்7 போன்ற டான்டம் (இரண்டு சாயங்களை இணைத்த) சாயத்தை வெளிச்சத்தில் விட்டால் அது சிதைந்து பிஇ சேனலில் ஒளிரும். இல்லாத செல் கூட்டம் ஒன்று ‘கண்டுபிடிக்கப்படும்’. இந்தக் கோப்பு ஒன்றைக் கட்டாயம் கொடுங்கள்.

கேட்டிங்கில் (வேண்டிய செல்களை வரைபடத்தில் பிரித்தெடுப்பதில்) எஃப்எஸ்சி (முன்னோக்கிச் சிதறும் ஒளி) பரப்பு, உயரம் வைத்து ஒட்டிய இரட்டைச் செல்களை நீக்குவது, பிறகு இறந்த செல்கள், எல்லைக்கோடு போட எஃப்எம்ஓ (ஒரு சாயம் மட்டும் விடுபட்ட கண்ட்ரோல்). செல்களை வேதிப்பொருளால் ஃபிக்ஸ் செய்வதாக (நிலைப்படுத்துவதாக) இருந்தால், இறந்த செல்களைக் காட்டும் புரொபிடியம் அயோடைடு உதவாது. அமீனோடு பிணையும் சாயம் வேண்டும், அதையும் புரதம் கலக்காத பஃபரில் போட வேண்டும்.

இரண்டும் சேருமிடம் சிங்கிள் செல் சீக்வென்சிங். இறந்த செல்கள் ஆர்.என்.ஏ-வைக் கசியவிடும், அது செல்களை அடைக்கும் எல்லாத் துளிகளிலும் கலக்கும். ஃப்ளோ சைட்டோமெட்ரியில் இறந்த செல்களைப் பிரிக்கும் அந்த வயபிலிட்டி சோதனையின் அருமை இங்கேதான் தெரியும். சேதமடைந்த செல்லைக் காட்டும் மைட்டோகாண்ட்ரியா ஜீன் விகிதத்துக்கு 5 சதவீதம் என்று கண்ணை மூடிக்கொண்டு கோடு போடவேண்டாம்: இதயத் தசைச் செல்களில் அது இயல்பாகவே அதிகம், நல்ல செல்கள் பறிபோகும். 3 எலிகளிலிருந்து 6000 செல்கள் எடுத்தாலும் மறுபிரதிகள் 3தான். மாதிரிவாரியாகக் கூட்டி சூடோபல்க்காக ஒப்பிட வையுங்கள்.

தேர்வில் அழகான வரைபடம் கேட்காதீர்கள். முன்பு பார்க்காத நான்கு மாதிரிகளைக் கொடுத்து, எதை நிராகரிப்பீர்கள், எந்த எண்ணைப் பார்த்து என்று எழுதச் சொல்லுங்கள்.